டொக்டரம்மா கேட்ட சலம்

ஒண்ணுக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் எனக்கு நடந்தது எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இன்னும் மூன்று பேருக்காவது நடந்துகொண்டிருக்கிறது என்று இப்போது தெரியும். அவர்களும் வாயைத் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது அறுபத்தொன்று. பெரகல சந்திக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற வேலை. தேயிலைச் செடி உயரமாகிக் கொழுந்து குறைந்துவிட்டால் தலையை வெட்டி விடுவோம். அதுதான் கவ்வாத்து. வெட்டிய செடி மொட்டைக் கட்டையாக நிற்கும். பிறகு தளிர் விடும்.

இரண்டு வருடமாகவே ஒண்ணுக்குப் போவது சரியில்லை. முட்டிக்கொண்டு வரும். ஓடிப் போய் நின்றால் வராது. காத்திருக்க வேண்டும். பிறகு நூல் மாதிரி வரும். நிற்கும். மறுபடி வரும். முடிந்தது என்று சாரத்தை இறக்கினால் சாரம் நனையும். அரை மணி நேரத்தில் மறுபடியும் முட்டும்.

மலையில் வேலை செய்யும்போது நிரையை விட்டு அடிக்கடி ஒதுங்குவேன். கூட வெட்டுகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"சூசை அண்ணே, இந்த மலைக்கு மட்டும் உரம் தேவையில்லைன்னு தொரைகிட்ட சொல்லிட்டோம்."

நானும் சிரித்தேன். குளிர் ஊர். வயது வேறு. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பிரஷருக்காக மாதம் ஒரு தடவை பக்கத்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவேன். அங்கே புதிதாக ஒரு டொக்டரம்மா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. மரியாதையானவர். எங்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் சிங்களத்தில் தட்டுத் தடுமாறிச் சொல்லத் தேவையில்லை. தமிழ் டொக்டர் கிடைத்ததே பெரிது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

முதல் தடவை பிரஷர் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"ஐயா, சலம் போறதில ஏதும் கரைச்சல் இருக்கோ?"

அப்போது என் காலில் ஒரு கட்டு இருந்தது. கவ்வாத்துக் கத்தி நழுவி முழங்காலுக்குக் கீழே பட்ட காயம். எங்களுக்குச் சலம் என்றால் சீழ். புண் பழுத்தால் வருவது. டொக்டரம்மா கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"மொதல்ல கொஞ்சம் இருந்துச்சுங்க. மருந்து போட்டதுல சரியாப் போச்சு. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல."

"நல்லது" என்று அட்டையில் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதமும் அதையே கேட்டார். இல்லைங்க என்றேன். அதற்கடுத்த மாதமும் கேட்டார். இல்லைங்க என்றேன். புண் ஆறித் தழும்பாகிவிட்டது, இன்னும் மறக்காமல் கேட்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

"தங்கமான புள்ள" என்றாள் என் மனைவி லூர்து.

கொஞ்ச காலத்தில் அந்த டொக்டரம்மா பதுளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்தேன். கோயிலிலேயே முட்டிக்கொண்டு இருந்தது. வீட்டுக்கு வந்து நின்றேன். ஒரு சொட்டும் வரவில்லை. எவ்வளவு முக்கியும் வரவில்லை.

"கல்லடைப்பாத்தான் இருக்கும்" என்றாள் லூர்து. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பார்லி அவித்த தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் வயிறு முட்டக் குடித்தால் கல்லைத் தள்ளிவிடும். பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு சட்டி பார்லி வந்தது. எல்லாவற்றையும் குடித்தேன். வெளியே போகிற வழி அடைத்துக் கிடக்கும்போது மேலே மேலே தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் தொப்புளுக்குக் கீழே தேங்காய் வைத்த மாதிரி வீங்கிவிட்டது. தொட்டால் கல்லு. வியர்த்து ஊற்றியது. கத்தி பட்டுக் கால் எலும்பு தெரிந்தபோது நான் சத்தம் போட்டவன் இல்லை. அன்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் என்னுடையது என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. லூர்து அப்படியே சுவரோடு நின்றுவிட்டாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் கேட்காத சத்தம் அது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். குழாய் போட்டுப் பார்த்தார்கள். இறங்கவில்லை. உடனே ஆம்புலன்சில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பினார்கள். அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் என் வயிறு எண்ணிற்று. லூர்து ஜெபமாலையை உருட்டினாள். பாதி வழியில் நிறுத்திவிட்டு, "கிட்ட வந்துட்டோங்க" என்றாள். கிட்ட வரவில்லை.

பதுளையில் வார்டுக்குக் கொண்டுபோனதும் மறுபடி குழாய் போட்டார்கள். மரத்துப்போகச் செய்கிற ஒரு களிம்பை உள்ளே விட்டார்கள். கொஞ்சம் வளைந்த நுனியுள்ள ஒரு ரப்பர் குழாய். மறுபடியும் அதே வழியாகத்தான் விடுவார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் ஆம்புலன்சிலிருந்து குதித்திருப்பேன். எரிந்தது. ஓரிடத்தில் இடித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்த நிமிடம் தேங்காய் கரைந்தது. அந்தச் சுகத்தை எழுத எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

குழாயின் மறுமுனையில் ஒரு பை. அதைக் கட்டிலுக்குக் கீழே கொளுவியிருந்தார்கள். படுத்தபடி என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, நீங்களோ?"

அதே டொக்டரம்மா. பெருமாள் வந்த மாதிரி என்று சொல்வார்களே, நான் வேதக்காரன், எனக்கு மாதாவே வந்த மாதிரி இருந்தது. அவர் குனிந்து பையைப் பார்த்தார். முகம் மாறியது.

"சலப்பை முழுக்கச் சலம் ஐயா. லீற்றருக்கு மேல வந்திட்டுது. இன்னும் வருது."

நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

"கனநாளாச் சலம் தேங்கி நிண்டிருக்கு. கிருமியும் பிடிச்சிட்டுது. சலம் பின்னால ஏறி ரெண்டு கிட்னியையும் தாக்கியிருக்கு. இரத்தச் சோதினையில தெரியுது. ஏன் ஐயா முந்தியே சொல்லேல்ல?"

நான் ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டு வந்தவன். இவர் வயிற்றுக்குள் ஒரு பை நிறையச் சீழ் இருக்கிறது என்கிறார். அது கிட்னிக்கும் ஏறிவிட்டது என்கிறார். லீற்றர் கணக்கில் வருகிறது என்கிறார்.

என் அண்ணன் வயிற்றில் சலம் வைத்துத்தான் இறந்தார். குடல்வால் வெடித்தது. வயிற்றைத் திறந்து கழுவினார்கள். மூன்றாம் நாள் பெட்டியில் கொண்டுவந்தோம். அவருக்கு இருந்தது ஒரு கிண்ணம் சலம் என்றார்கள். எனக்கு லீற்றருக்கு மேல்.

அந்த நேரத்திலிருந்து எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. டொக்டரம்மா பேசினார். தலையை ஆட்டினேன். சுருப்பி என்றோ சுரப்பி என்றோ சொன்னார். பெரிய டொக்டர் வந்து பார்ப்பார் என்றார். போய்விட்டார்.

அடுத்த கட்டிலில் பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுகிற ஹனிபா நானா இருந்தார். அவருக்கும் குழாய், அவருக்கும் பை. "புதுசா?" என்று கேட்டார். "பழகிப் போகும்" என்று திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலையில் லூர்து கஞ்சியோடு வந்தாள்.

"சட்டையக் குடு" என்றேன்.

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போவம்."

"டியூப்போடயா?"

"ஆமா."

"நல்லது. பஸ்ஸுலயே போவோம். பைய நான் தூக்கிக்கிறேன், நீங்க டிக்கெட் எடுங்க."

நான் சிரிக்கவில்லை. அவள் கஞ்சிப் போத்தலைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க?"

"வயித்துல சலம். லீட்டர் கணக்குல. அண்ணனுக்கு வந்தது. கிட்னிக்கும் ஏறிருச்சாம். டாக்டரம்மா வாயால சொன்னது. திறந்துதான் கழுவுவாங்க. பெட்டியில போறத விட நடந்தே போயிடுறேன். பண்டாரவளையில இருக்கிற நம்ம புள்ளைக்கு இப்ப சொல்லாத."

அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசி வருடக்கணக்காகியிருக்கும். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அழவும் இல்லை. நேராக எழுந்து டொக்டரம்மாவிடம் போனாள். அவர் ஆறாவது கட்டிலருகே நின்றார். இவள் பேசுவது எனக்குக் கேட்டது. வார்டு முழுக்கக் கேட்டது.

"டாக்டரம்மா, ஒளிக்காமச் சொல்லிருங்க. எங்க வூட்டுக்காரரு பொழைப்பாரா?"

"ஏன் அம்மா? நல்லா இருக்கிறார்."

"வயித்துல அவ்வளவு சலம் வச்சிருக்கு. எப்பிடி நல்லா இருப்பாரு?"

"அதுதானே குழாய் போட்டு எடுத்தாச்சு. ஆருக்கும் சலம் அடைச்சா இப்பிடித்தான்."

"எல்லாருக்கும் வயித்துல சலம் வைக்குமா?"

டொக்டரம்மா சிரித்தார். "சலப்பையில சலம் இல்லாம ஒரு மனிசரும் இல்ல அம்மா. உங்களுக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு."

லூர்து தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சலம்னா சீழுதானுங்களே?"

டொக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

"என்னெண்டு சொன்னீங்கள்?"

"சீழுங்க. புண்ணுல வருமே. அதத்தான நாங்க சலம்னு சொல்லுவோம்."

"அப்ப சிறுநீர், ஒண்டுக்குப் போறது, அதை?"

"அத ஒண்ணுக்குன்னு சொல்லுவோம். அதுக்குப் போயி யாராச்சும் சலம்னு சொல்லுவாங்களா?"

வார்டில் யாரோ சிரித்தார்கள். டொக்டரம்மா சிரிக்கவில்லை. என் கட்டிலுக்கு வந்தார். டொக்டர்மார் கட்டிலில் உட்காருவதை நான் பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்தார். குனிந்து பையைக் கழற்றி என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார். மஞ்சள் தண்ணீர். ஒண்ணுக்கு. வேறொன்றும் இல்லை.

"ஐயா, கிளினிக்கில உங்களிட்ட நான் கேட்டனான். சலம் போறதில கரைச்சல் இருக்கோ எண்டு."

"கேட்டீங்க."

"இல்லையெண்டு சொன்னீங்கள்."

"கால் புண்ணக் கேக்குறீங்கன்னு நினைச்சேன்."

சாரத்தை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூண்டு தரம் கேட்டனான்" என்றார், என்னிடம் இல்லை. அவர் முகத்தில் இருந்தது என் முகத்தில் நேற்று இருந்ததுதான். ஒரு சொல் இப்படி இடித்துத் தள்ளும் என்று இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

"ஐயா, அந்தக் கிளினிக்கில இருந்த காலம் முழுக்க எத்தினை பேரிட்ட இதையே கேட்டிருப்பன் தெரியுமோ? தோட்டத்து ஐயாமார் ஒருத்தருக்கும் சலப் பிரச்சினை இல்லை. அருமையான சுகதேகிகள் எண்டு நினைச்சன்."

எழுந்தார். லூர்துவிடம் திரும்பினார். "அம்மா, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஒண்டுக்கு."

"ஒண்டுக்கு இல்லைங்க. ஒண்ணுக்கு."

"ஒண்ணுக்கு."

"ஆங், அதுதான்."

அவர் அன்றைக்கே வார்டில் இருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரிடமும் போனார். ஹேர்னியாவுக்கு வந்தவர், கை முறிந்து வந்தவர், எல்லாரிடமும். "ஐயா, ஒண்ணுக்குப் போறதில கரைச்சல், இல்ல, தொந்தரவு இருக்கா?" ஐந்து பேரில் இரண்டு பேர் இருக்குங்க என்றார்கள். ஒருத்தர் எட்டு வருடமாக.

ஹனிபா நானா என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க வயித்தப் புடிச்சிட்டு வந்து ஊருக்கே வைத்தியம் பாத்துட்டீங்க."

நோய் என்னவென்று அதன் பிறகுதான் எனக்கு ஏறியது. டொக்டரம்மா கடுதாசியில் படம் போட்டுக் காட்டினார். ஒண்ணுக்கு தேங்குகிற பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும், ஒரு சுரப்பி. புரொஸ்டேட் என்று பெயர். ஒண்ணுக்கு வருகிற குழாய் அதன் நடுவால்தான் போகிறது. வயது போகப் போக அது பெருக்கும். பெருத்தால் குழாயை நெரிக்கும். இது கான்சர் இல்லை. ஆனால் கான்சரும் அந்த இடத்தில் வரலாம். அதனால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பின்பக்கமாக விரல் விட்டும் பார்ப்பார்கள். அதைப் பெரிய டொக்டர் செய்தார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

இரத்தத்தில் ஏறியிருந்த கிட்னிக் கணக்கு சில நாளில் நல்லபடியாக இறங்கியது. விழுங்கக் குளிசை கொடுத்து, குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள், கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்தக் குளிசை வழியைத் தளர்த்தும். சில பேருக்கு அதுவே போதும்.

இரண்டு கிழமையும் பையைச் சாரத்துக்குள் கட்டிக்கொண்டு லயத்தில் இருந்தேன். நடந்தால் உள்ளே தண்ணீர் சளக் சளக் என்று ஆடும். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் ஒரு துண்டை வெட்டி லூர்து அதற்கு உறை தைத்தாள். நான் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் தலைமாட்டில் இருந்தது. மகள் பண்டாரவளைத் துணிக்கடையில் வேலை செய்கிறவள். கறுப்புச் சாரம் இரண்டு கொண்டுவந்தாள். ஈரம் பட்டாலும் தெரியாத நிறம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இரண்டு கிழமை முடிந்து பதுளையில் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். நடந்தேன். மூன்று மணி நேரத்தில் மறுபடி தேங்காய். மறுபடி குழாய்.

அன்று டொக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

"ஐயா, குளிசை காணாது. அடைப்பை எடுக்க வேணும். எடுக்கலாம். ஆனா இன்னொரு விசயம் இருக்கு. உங்கட பை கனகாலம் இழுபட்டுக் களைச்சுப் போச்சு. பழைய ரப்பர் மாதிரி. அடைப்பை எடுத்தாலும் அது திரும்பச் சுருங்கி ஒண்ணுக்கைத் தள்ளுமோ எண்டு என்னால உறுதி சொல்லேலாது. தள்ளாட்டி, குழாய்தான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"கடைசி வரைக்கும் ஐயா."

குழாயோடு கவ்வாத்து மலை ஏற முடியாது. செடியில் மாட்டும். சரிவில் விழுந்தால் பிய்த்துக்கொண்டு வரும். அதை அவரிடம் சொல்லவில்லை. லூர்துவுக்குத் தெரியும்.

என்னென்ன வழி என்று கேட்டேன். அவர் கடுதாசியைத் திருப்பி ஒவ்வொன்றாகப் படம் கீறினார். முந்தி வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்களாம். இப்போது மிகப் பெரிதாக இருந்தால் ஒழிய அது இல்லை. மற்றதெல்லாம் வெளியே பெரிய காயம் இல்லாத வழிகள்.

ஒன்று, சின்னக் கொக்கிகள். பெருத்த சதையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி வழியைத் திறந்து வைப்பது. வெட்டுவதே இல்லை. ஆனால் எனக்கு நடுவில் ஒரு துண்டு பைக்குள் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கு அது சரிவராதாம். இன்னொன்று நீராவி. ஊசியால் சதைக்குள் நீராவியை விட்டு அதைச் சுருங்கச் செய்வது. சில நிமிட வேலை. சுகம் வரக் கிழமைக்கணக்கில் ஆகும். அதுவரை குழாய் இருக்கலாம். இன்னொன்று, தொடை வழியாகவோ கை வழியாகவோ ஒரு மெல்லிய குழாயை இரத்த நாளத்தில் விட்டு, சுரப்பிக்குப் போகிற இரத்தத்தை அடைப்பது. சாப்பாடில்லாமல் அது சுருங்கும். மயக்க மருந்து தாங்காதவர்களுக்கு அதை யோசிப்பார்களாம். லேசர் இருக்கிறது. ஒண்ணுக்கு வருகிற வழியாகவே கமெராவை விட்டு ஒளியால் எடுப்பது. இரத்தம் குறைவு. கடைசியாக, அதே வழியாகப் போய்க் கரண்ட் ஓடுகிற கம்பி வளையத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுப்பது. பழைய முறை. இங்கேயே செய்வார்கள்.

"மற்றதுகள் எல்லா இடமும் இல்லை ஐயா. சிலதைக் கொழும்பில விசாரிக்க வேணும். வெளியில செய்தா செலவு. உங்கட அடைப்புக்குச் செதுக்கிறதுதான் சரியெண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். லேசரும் பொருந்தும், ஆனா காத்திருக்க வேணும்."

எனக்கு ஒன்றுதான் பிடிபட்டது. ஒன்றிலும் வயிற்றைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு நடந்தது எனக்கு நடக்காது. ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே போய் வெட்ட முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி படத்தைக் காட்டினார்.

"வேரோட புடுங்குறதா, கவ்வாத்தா?" என்று கேட்டேன்.

"கவ்வாத்து எண்டா?"

சொன்னேன். அடிக்கட்டையை விட்டுவிட்டு மேலே அடைத்து நிற்கிற கிளையை மட்டும் எடுப்பது.

"அப்ப இது கவ்வாத்துத்தான். சுரப்பி இருக்கும். அடைக்கிறதை மட்டும் எடுப்பம்."

"திரும்பத் தழைக்குமா?"

"வருசங்கள் போகச் சில பேருக்குத் தழைக்கும். அப்ப திருப்பி வெட்டலாம்." பேனாவை எடுத்தார். "கவ்வாத்துக்கு நடுவில 'வ்' வருமோ ஐயா?" என் முன்னாலேயே அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் தயங்கினார். இதற்குப் பிறகு வித்து வெளியே வராமல் உள்ளே பைக்குள் திரும்பிப் போய்விடும், அதனால் ஆபத்தில்லை, ஆனால் சொல்ல வேண்டியது கடமை என்றார். நான் படத்தைப் பார்த்தேன்.

"அது எங்கயோ போயிட்டுப் போகுது டாக்டரம்மா" என்றாள் லூர்து. "மனுசன் மலையேறுனாப் போதும்."

கையெழுத்துப் போட்டேன்.

வெட்டுகிற அன்று காலையில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை. காலைத் தூக்கி வைத்தார்கள். யாருடைய கால் என்று பார்த்தேன். என்னுடையது. தழும்பு இருந்தது.

ஒரு திரை இருந்தது. பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தேன். சிவப்பாக ஒரு குகை. தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சதை பிதுங்கி வழியை மூடி நிற்கிறது. ஒரு கம்பி வளையம் வந்தது. சதையை இழுத்து வழித்தது. ஒரு துண்டு சுருண்டு மிதந்து போனது. மறுபடி வந்தது. வழித்தது. எனக்கு உள்ளே அது நடக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் நான் வெட்டியிருக்கிறேன். என்னை ஒருவர் வெட்டுவதை, அதுவும் உள்ளே வெட்டுவதை, கண்ணால் பார்த்துக்கொண்டு கிடப்பேன் என்று நினைத்ததில்லை. பெரிய டொக்டர் சிங்களத்தில், "அப்பச்சி, நல்லா வருது" என்றார். எனக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். அவர் கை நின்று நிதானமாக வேலை செய்கிற கை. அடிக்கட்டையைத் தொடவில்லை. அதைப் பார்த்த பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது.

வார்டுக்கு வந்ததும் ஒரு பக்கத்தால் தண்ணீர் உள்ளே போய் மறுபக்கத்தால் கழுவிக்கொண்டு வந்தது. முதல் நாள் பை இரத்தச் சிவப்பு. லூர்து பார்த்துவிட்டுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இது சாதாரணம் என்றார்கள். மறுநாள் ரோஸ் நிறம்.

"அண்ணே, பாக்கச் சர்பத் கடை மாதிரி ஈக்கி" என்றார் ஹனிபா நானா. அவரையும் இதற்கென்றே மறுபடி வரச்சொல்லி, எனக்கு ஒரு நாள் முன்னால் செய்திருந்தார்கள். அவர் குழாய் எடுத்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தார். போய் வந்து ஒவ்வொரு தடவையும் எனக்கு விரலால் அளவு காட்டுவார். நான் சிரித்துவைப்பேன். அவருடைய பை களைக்கவில்லை. என்னுடையது களைத்த பை.

மூன்றாம் நாள் காலையில் என் குழாயை எடுத்தார்கள். நர்ஸ் ஒரு அளவு ஜக்கைக் கையில் கொடுத்தார். இதில் போக வேண்டும், கொண்டுவந்து காட்ட வேண்டும். போகாவிட்டால் சாயங்காலம் மறுபடி குழாய். அதற்குப் பிறகு எடுக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

தண்ணீர் குடித்தேன். வார்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தேன். பத்து மணிக்குப் போய் நின்றேன். எரிந்தது. இரண்டு சொட்டு. இரத்தக் கட்டி ஒன்று. பதினொரு மணிக்குப் போய் நின்றேன். ஒன்றும் இல்லை. டொக்டரம்மா இரண்டு தடவை வார்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. நான் தலையை ஆட்டவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வருகிற ஆட்களை உள்ளே விட்டார்கள். லூர்து வந்தாள். ஜக்கைப் பார்த்தாள். காலி. சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கல்லுப் போட்ட மாதிரி இருந்தது.

ஜக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவளும் பின்னால் வந்தாள். ஆண்கள் வார்டுக் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முக்கவில்லை. சுவரில் ஈரம் கசிந்து ஒரு படம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சரி, குழாய்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மலை இல்லை. அவ்வளவுதான்.

அப்போது ஏதோ திறந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. தானாகத் திறந்தது. ஜக்கின் அடியில் போய் விழுந்தது. பிளாஸ்டிக் ஜக். மலையிலிருந்து இறங்குகிற பீலித் தண்ணீர் தகரத்தில் விழுகிற மாதிரி சத்தம். நிற்கவில்லை. விட்டு விட்டும் வரவில்லை. கை கனத்தது. ஜக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

கதவுக்கு வெளியே லூர்து பயந்துபோய்க் கேட்டாள்.

"என்னாங்க, என்ன சத்தம் அது?"

"நான்தான்" என்றேன்.